பன்னிரண்டில் ஒரு பங்கு

ஈய எழுத்துக் காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன் நான். அச்சுக்கூடத்தில் நேரும் பிழைகளுள் மிகவும் ஆபத்தானது எழுத்து மாறிப்போவதன்று. எழுதியவன் தவறிவிட்டான் எனக் கருதி, அச்சுக்கோப்பாளர் நல்லெண்ணத்தோடு 'திருத்தி'விடுவதே. திருத்தம் சரியானது போலவே தோன்றும். ஒப்புநோக்குபவரின் கண்ணுக்கும் தப்பிவிடும். மேலைத்தேய இசையில் அத்தகைய திருத்தமொன்று நூறாண்டுகளுக்கு மேல் நிலைபெற்றிருந்தது.

போலந்து நாட்டவரான ஷோப்பன், பியானோவுக்கென இயற்றிய இருபத்துநான்கு முகப்பிசைகளை 1838-39 குளிர்காலத்தில் மயோர்க்காத் தீவின் வல்டெமோசா மடாலயத்தில் தங்கியிருந்தபோது நிறைவுசெய்தார். 1839 ஜனவரியில் அவற்றைப் பாரிஸிலிருந்த நண்பர் ஃபொன்தானாவுக்கு அனுப்பினார். நண்பர் பிரதியொன்று எடுத்தார். மூலம் பாரிஸின் கத்தலின் பதிப்பகத்துக்கும், பிரதி லைப்சிக்கின் பிரைட்கொப் பதிப்பகத்துக்கும் சென்றன. இரு நகரங்களிலும் அவ்வாண்டிலேயே நூல் வெளிவந்தது. ஷோப்பனோ ஒக்டோபரில்தான் பாரிஸ் திரும்பினார்.

ஒன்பதாவது முகப்பிசை பன்னிரண்டே தாளக்கட்டங்களைக் கொண்டது. மிகவும் ஆறுதலாக இசைக்கப்படவேண்டியது. நடுவே ஓர் அட்சரத்துக்கு மூன்று சுரங்கள் வீதம், நம்மவர் திஸ்ர நடை என்பார்களே, அப்படி இடையறாது ஓடிக்கொண்டிருக்கும். மேலே ஒலிக்கும் மெட்டிலோ புள்ளியிட்ட நெடுஞ்சுரமும் அதைத் தொடரும் குறுஞ்சுரமும் வரும். எழுதப்பட்டபடி கணக்கிட்டால் இது சதுஸ்ரம்: முக்கால் பங்கு நெடில், கால் பங்கு குறில்.

அட்சரத்தைப் பன்னிரண்டு பங்குகளாக்கிப் பாருங்கள். திஸ்ரத்தின் மூன்றாம் சுரம் எட்டுப் பங்குகள் கழிந்ததும் ஒலிக்கும். மெட்டின் குறுஞ்சுரம் ஒன்பது பங்குகள் கழிந்த பின்னரே ஒலிக்கவேண்டும். இடைவெளி பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஆயினும் ஷோப்பன் தம் கையெழுத்தில் குறுஞ்சுரத்தைத் திஸ்ரத்தின் மூன்றாம் சுரத்துக்கு நேராகவே இட்டார். அதாவது, இரண்டும் ஒருங்கே ஒலிக்கவேண்டும். அச்சிட்ட நூல்களிலோ அது சற்றே வலப்புறம் தள்ளி நின்றது.

செதுக்குநர்மீது கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. அக்காலத்தில் வெள்ளீயக் கலப்பு உலோகத் தகட்டிலே, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி, சுரக் குறிகளை அச்சாணியால் அடித்துப் பதிப்பார்கள். அடிப்பதற்கு முன்னரே ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். செதுக்குநர் தம் தொழில்விதிப்படி கணக்குப் பார்த்தார், கணக்குப் பிழையன்று. ஷோப்பன் பின்பற்றியது வேறொரு வழக்கம் என்பதே சிக்கல்.

அவ்வழக்கம் அவர் கண்டுபிடித்ததுமன்று. 1752 இல் குவான்ட்ஸ், குறுஞ்சுரத்தை மூன்றாம் சுரத்துக்குப் பின்னரே இசைக்கும்படி எழுதினார். மறு ஆண்டிலேயே கார்ல் பிலிப் எமானுவேல் பாக், திஸ்ரத்தோடு பொருத்தி இசைக்கலாம் என்றார். இருவரும் மன்னர் பிரெடெரிக்கின் ஒரே அரண்மனையில் ஊழியம் செய்தவர்கள் என்பது வேடிக்கை. ஒரே குறிக்கு இரு பொருள் இருந்த அந்த உலகின் தொடர்ச்சியாகவே ஷோப்பன் எழுதினார்.

ஒரு பங்குதானே, காதுக்குத் தெரியுமா என்று வாசகர் கேட்கலாம். நான் பியானோ பயின்றவனல்லன், கேட்பவன் மட்டுமே. மெட்டும் நடுக்குரலும் இணைந்து செல்லும்போது அந்தப் பன்னிரண்டு கட்டங்களும் கனத்த ஊர்வலம்போல் ஒரே உடலாக நகர்கின்றன. பிரித்து இசைக்கையில் மேற்குரல் துள்ளித் துள்ளி, படையணிவகுப்பின் மிடுக்கைப் பெறுகிறது. இன்னொன்றும் உண்டு. அதே இசையில் இன்னும் கூர்மை வேண்டிய இடங்களில் அவர் இரட்டைப் புள்ளியிட்டு, மேலும் குறுகிய சுரத்தை எழுதியுள்ளார். ஒற்றைப் புள்ளியையே கூர்மையாக இசைத்துவிட்டால் இரட்டைப் புள்ளியின் வேகம் அடிபட்டுப்போகும். என்னளவில் வலுவான சான்று இதுவே.

இருபதாம் நூற்றாண்டில் கையெழுத்துப்படியை வைத்துப் பதிப்புகள் திருத்தப்பட்டன. ஜான் எகியெர் உருவாக்கிய போலந்துத் தேசியப் பதிப்பு குறுஞ்சுரத்தை மீண்டும் நேராக நிறுத்திற்று. எனினும் பழைய பதிப்பில் பயின்ற விரல்கள் அதை எளிதில் ஏற்பதில்லை. பிரித்தே இசைக்கும் வல்லுநர்கள் இன்றும் உள்ளனர்.

மூலக் கையெழுத்துப்படி வார்சோவிலுள்ள தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதன் நிழற்படத்தை முதன்முதலாகக் கண்டபோது, கை அவசரத்தில் நழுவியிருக்குமோ என்றே பார்த்தேன். அட்சரத்துக்கு அட்சரம் அச்சிறு சுரம் அதே நேர்கோட்டில்தான் நிற்கிறது.