கொண்டுவிற்கச் சென்றோர் பெட்டிகள்

கடல் கடந்து பொருள் தேடுமாறு ஔவையார் பணித்த மொழியை நம் சங்கத்து ஆண்டு விழாக்களிற் கேளாத செவி ஒன்றேனும் இராது. ஆகலின் அதனை ஈண்டு எடுத்தோதாது விடுகின்றோம். கடல் கடந்தோர் எவரெவர், எத்துணைப் பொருள் ஈட்டினர், எந்தெந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்தனர் என்பனவும் பலராற் பலகாலும் எழுதப்பட்டுள்ளன. அவர் உடன்கொண்டு சென்ற பெட்டியைப் பற்றி எழுதினாரோ மிகச் சிலர். அப்பெட்டியின் வரலாற்றையே இங்குக் கூறப் புகுகின்றோம். இஃது அற்பப் பொருளன்றோ என்று அன்பர் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். முழுதும் படித்த பின்னர்ச் சுளிக்குமாறு வேண்டுகின்றோம்.

பேழை என்பது பெட்டிக்குரிய பழஞ்சொல். வாணிகப் பொதிகளுக்கு அரசின் இலச்சினை இடும் வழக்கமும் நம் நாட்டிற்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக் காவலர் புலிமுத்திரை பொறித்தமையைப் பட்டினப்பாலையிற் காண்கின்றோம். நகரத்தார் வாணிகத்திலோ பெட்டி என்னுஞ் சொல் தொழிலின் முதற்படிக்கே பெயராயிற்று. மேலாள், அடுத்தாள் என்னும் வரிசையில் இளையவனாய்க் கடையிற் சேர்ந்து, கணக்குப் பெட்டியின் அருகமர்ந்து தொழில் பயின்றவன் பெட்டியடிப் பையன் எனப்பட்டான். பின்னாளிற் பெருஞ்செல்வராய்த் திகழ்ந்தோர் பலரும் அவ்விடத்திலிருந்து எழுந்தவரே.

மேலாளும் அடுத்தாளும் மூன்றாண்டுக் கணக்கில் அக்கரைக்குச் செல்வது முறை. மனைவி மக்கள் உடன் செல்வதில்லை. அவர்க்கு ஈடாகச் சென்றது பெட்டியே எனலாம். அதனை நிரப்புவது ஆச்சிமாரின் உரிமை. வேட்டி, துண்டு, விபூதிப்பை, வற்றல், வடகம், ஊறுகாய், இடித்த மிளகாய்ப்பொடி, கைமருந்துக்கு வேண்டிய சுக்கும் திப்பிலியும் என எல்லாம் மூன்றாண்டை மனத்திற்கொண்டு அடுக்கப்பெறும். முதல் மாதத்திலேயே வடகம் தீர்ந்துபோவதும், ஆயினும் அதனை ஊருக்கு எழுதாதிருப்பதும் அக்காலத்து ஆடவர் நாகரிகம் போலும்.

இருப்புப்பாதை காரைக்குடியை எட்டுமுன் இப்பெட்டிகள் மாட்டுவண்டியிலேறித் துறைமுகம் நோக்கிச் சென்றன. சென்னையிலோ அப்போது துறைமுகம் என்பது பெயரளவேயன்றிப் பிறிதில்லை. கப்பல்கள் கரைக்கு நெடுந்தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் பெட்டியும் மசூலா என்னும் படகிலேறி அலைகளைக் கடத்தல் வேண்டும். ஆணியறையாமற் கயிற்றாற் பலகைகளைத் தைத்துச் செய்யப்பட்ட அப்படகு அலை மோதுகையில் உடையாது நெகிழ்ந்து கொடுக்கும்; ஆனால் உள்ளிருப்பவற்றை நனையாமற் காக்கும் என்று எவரும் உறுதி கூறியதில்லை. செயற்கைத் துறைமுகம் ஒன்று கட்டப்பெற்று முடிவுறுந் தறுவாயில், 1881-ஆம் ஆண்டு நவம்பர்ப் புயல் அதன் அலைதாங்கிச் சுவர்களைச் சிதைத்தது. மீண்டும் எடுப்பித்துச் சீர்செய்ய நெடுங்காலம் சென்றது.

இரங்கூனுக்கு நீராவிக் கப்பல் ஒழுங்காகச் செல்லத் தொடங்கியது 1856-இல் நிறுவப்பெற்ற கப்பற்கழகம் ஒன்றனால். கல்கத்தா, பர்மா என்னும் பெயர்களைத் தாங்கிய அக்கழகமே 1862-இல் பிரிட்டிஷ் இந்தியாக் கப்பற்கழகம் எனப் பெயர் மாறியது. சென்னையிலிருந்து மூன்று நான்கு நாட்களில் இரங்கூனை அடையலாயிற்று. பெரும்பாலோர் டெக்கு என்னும் தட்டிற் பாய் விரித்துச் சென்றவர். கைப்பெட்டி தலைமாட்டில் இருக்கும். பெரிய பெட்டி அடித்தட்டிற்குப் போகும். அக்காலத்துப் பிரித்தானியப் பயணிக் கப்பல்களில் அடித்தட்டிற்குச் செல்லும் பெட்டிகளின்மீது, 'பயணத்தில் வேண்டாதது' என்று பொருள்படும் சீட்டொன்றை ஒட்டுவது வழக்கம். ஒருவன் தன் வாழ்வில் வேண்டியவற்றையெல்லாம் வைத்துப் பூட்டிய பெட்டியின்மீது வேண்டாதது என்று எழுதி ஒட்டிய விந்தையை என்னென்பது!

திரும்பி வருங்கால் பெட்டியின் உள்ளீடு மாறிவிடும். அரக்குப் பூசிய மரவைகள், பசின் நகரத்துச் சித்திரக் குடைகள், பட்டு, எனாமற் பாத்திரங்கள் ஆகியன அதில் இடம்பெறும். பெட்டியிற் கொள்ளாத பர்மாத் தேக்கு தனியே கப்பலேறி வந்து நம் வீடுகளின் தூணும் நிலையுமாயிற்று. இத்தூண்களைப் பார்த்து வியப்பதற்கு இன்று வெளிநாட்டார் பலர் வருகின்றனர். அவ்வியப்பைக் குறைகூற மாட்டோம். ஆயினும், தூண் வைத்த வீட்டார் சிலர். தகரப்பெட்டியோடு போய் வந்தோர் பல்லாயிரவர் என்பதனை நம் வரலாறு எழுதுவோர் மறந்துவிடுகின்றனர். சம்பளத்திற்குச் சென்ற அடுத்தாளுக்குத் தூண் ஏது? பெட்டிதான் உண்டு.

இனி இக்கட்டுரையின் கருத்திற்கு வருகின்றோம். நம்மவர் செல்வம் நெடுங்காலம் நடமாடுஞ் செல்வமாகவே இருந்தது. கடனாகக் கொடுப்பர், வட்டியோடு வாங்குவர், உண்டியல் எழுதி ஊருக்கு அனுப்புவர். 1852-இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானதும், 1869-இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பெற்றதும் அந்நாட்டு நெல்லுக்கு உலகச் சந்தையைத் தந்தன. காடு திருத்திய உழவர்க்கு முதல் தந்தவர் நம்மவர். 1929-30-இல் பர்மாவில் நடந்த வங்கித்தொழில் விசாரணையின்படி, அங்கே நகரத்தார் கடைகள் ஏறத்தாழ 1,650. அவற்றிலிருந்த முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய். அம்முதலிற் பெரும்பகுதி உழவரிடம் நடமாடிக்கொண்டிருந்தது. அவ்வேளையில் உலகெங்கும் விலை வீழ்ந்தது. நெல்லின் விலை சரிந்தமையால் உழவராற் கடனைத் திருப்ப இயலவில்லை. அடகு வைத்த வயல்கள் கடன் கொடுத்தோர் கைக்கு வந்தன. நெல் மிகுதியாக விளையும் 13 மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த நம்மவர் நிலம், 1937-38-இல் நூற்றுக்கு 25 பங்காயிற்று.

இதனைச் செல்வப் பெருக்கு என்று எண்ணினார் உண்டு. யாம் அவ்வாறு கருதுகின்றிலேம். வயல் உண்டியலில் ஏறாது, பெட்டியில் அடங்காது. மேலும், தன் நிலத்தைப் பிறன் கையிற் கண்ட உழவன் மனம் எவ்வாறிருந்திருக்கும் என்பதையும் நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அந்நாட்டார்க்கு நம்மவர்மீது எழுந்த சினம் வெறும் பொறாமையென்று நம் பெரியோர் சிலர் எழுதிவைத்தது முழுவுண்மையன்று.

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் இரங்கூனில் சப்பானியர் குண்டு வீசினர். 1942 மார்ச்சு 8-ஆம் நாள் அந்நகரம் வீழ்ந்தது. இடைப்பட்ட வாரங்களிற் கப்பலில் இடம்பெற்றவர் பேறுபெற்றவர். மற்றையோர் நடந்தனர். அக்கியாபை நோக்கி மலைவழியிற் சிலரும், மணிப்பூர் எல்லையிலுள்ள தாமுவை நோக்கிச் சிலரும், இன்னும் வடக்கே காடுகளினூடே சிலருமாக, நான்கு லட்சத்திற்கு மேற்பட்ட இந்தியர் அவ்வாண்டில் பர்மாவை விட்டு வெளியேறினர். இரங்கூனில் 'ஜோதி' என்னும் இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா அவ்வாறு நடந்து மீண்டவர். அப்பயணத்தைப் பற்றித் தனி நூலே எழுதியுள்ளார். நடப்பவன் பெட்டியைச் சுமக்க இயலாது. மொகல் தெருவிலிருந்து புறப்பட்ட பெட்டிகள் வழியிலே ஒவ்வொன்றாய்க் கைவிடப்பட்டன.

எம் குடும்பத்துச் செய்தி ஒன்றை இங்குக் கூறுதல் பொருந்தும். எம் பாட்டனாரின் தந்தையார் ஒரு கடையில் அடுத்தாள். 1939-இல் கணக்கிற்குச் சென்றவர் 1942-இல் ஊர் திரும்ப வேண்டியவர். சனவரியில் ஊரார் ஒருவர்க்குக் கப்பலில் இடங்கிடைக்க, அவர்வசம் தம் பச்சைத் தகரப்பெட்டியை ஒப்புவித்துத் தாம் கடையின் ஏடுகளைக் காத்தற்பொருட்டுத் தங்கினார். மாசி மாதத்திற் பெட்டி ஊர் வந்து சேர்ந்தது. மாண்டலேயிற் கண்டேன் என்றார் ஒருவர். தாமுவிற் கண்டேன் என்றார் மற்றொருவர். அதற்கப்பாற் கண்டார் இலர்.

பெட்டியின் திறவுகோல் அவர் அரைஞாணில் இருந்தது. பூட்டை உடைக்க ஆச்சி இசையவில்லை. 'சாவி உடையவர் வருவார்' என்பதே அவர் மறுமொழி. வளவிலே எமக்குரிய உள்வீட்டில் ஐந்தாண்டு அப்பெட்டி மூடியே கிடந்தது. 1947-இல் பெரியோர் வற்புறுத்தலால் கொல்லர் ஒருவரை வருவித்துப் பூட்டைப் பெயர்த்தனர். மேலே அவர் கையெழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது. தமிழெண் இட்டுப் பதினேழு உருப்படிகள்: வேட்டி, மரவை, எனாமல் தூக்கு, பட்டு, கடிதக்கட்டு, கைக்கணக்கு ஏடு முதலியன. எல்லாம் சரியாயிருந்தன. ஆனால் பெட்டியிலிருந்த பொருள்களோ பத்தொன்பது. ஒரு சிலேட்டும், சிறுவர் பிடித்தற்குரிய பசின் குடை ஒன்றும் பட்டியலில் இல்லை. பூட்டும் நேரத்திற் சேர்த்திருப்பார் போலும். மூன்று வயதில் தந்தையைப் பிரிந்த எம் பாட்டனார்க்கு அப்போது வயது பதினொன்று. குடை சிறிதாய்ப் போயிருந்தது.

அக்கைக்கணக்கு ஏட்டை யாம் பன்முறை படித்திருக்கின்றோம். 1940-ஆம் ஆண்டுப் பக்கங்களில் வட்டி வரவு என்னுஞ் சொல் அருகிக் குத்தகை நெல் என்னுஞ் சொல் பெருகுவதைக் காணலாம். மேலே யாம் புள்ளிகளைக்கொண்டு கூறியதை ஓர் அடுத்தாள் தம் கையாலேயே அன்றாடம் எழுதி வைத்துள்ளார்.

விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. 1962-இல் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றிய பின் கடைகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட்டுத் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. அப்போது கப்பலேறியவர், நகையும் பணமும் கொண்டுவரத் தடையிருந்தமையால், பாத்திரமும் துணியும் அடைத்த பெட்டிகளோடு சென்னையில் இறங்கினர். அவருள் நம்மவர் மட்டுமல்லர். உழைத்துண்ட பல்வேறு குலத்தாரும் இருந்தனர். அவர் இழப்பு நம் இழப்பினும் கொடிது. மலேயாப் பக்கத்திலோ, 1926-இற் கட்டப்பெற்ற ரஜூலா என்னும் கப்பல், போர்க்காலம் நீங்கலாக, 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்குமாகப் பெட்டிகளைச் சுமந்தது. அதன்பின் வந்த சிதம்பரம் என்னும் கப்பல் 1985-இல் தீக்கிரையானதோடு அவ்வழியிற் பயணிக்கப்பலும் பெட்டியும் ஒருங்கே செல்லும் வழக்கம் முடிவுற்றது.

ஆள் வானூர்தியிலும் பெட்டி கப்பலிலுமாகப் பிரிந்துபோயின. 1956-ஆம் ஆண்டு ஏப்பிரலில் மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர் 58 பெரும் அலுமினியப் பெட்டகங்களை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கப்பலேற்றினார். கண்டெய்னர் என்று நாம் சொல்வது அதுவே. சென்னைத் துறைமுகத்தில் அதற்கெனத் தனி முனையம் 1983-இல் ஏற்பட்டது. இன்று அயல்நாட்டிற் குடியேறும் நம் இளைஞர் சிலபல அட்டைப்பெட்டிகளை அனுப்புவதாயின், பலர் பொருளோடு ஒரே பெட்டகத்தில் இடம்பெற்று, அடைத்துக்கொள்ளும் கனவளவிற்கேற்பக் கட்டணம் செலுத்துகின்றனர். ஒரு வீட்டார் பட்டியலிற் பிழையிருப்பின் அப்பெட்டகத்திலுள்ள எல்லா வீட்டாரும் காத்திருக்க நேரும். கூட்டுக்குடும்பம் ஒழிந்தது என்போர் இதனை அறிந்திலர்.

பழைய பெட்டிகளின் நிலையையும் கூறிவிடுகின்றோம். சென்ற கோடையிற் பழம்பொருட் கடையொன்றின் வாயிலில் ஒரு தேக்குப் பெட்டியைக் கவிழ்த்து உதறக் கண்டோம். விழுந்தவை கடிதங்கள். பெட்டிக்கு விலையுண்டு, தாளுக்கு இல்லை என்றார் கடைக்காரர். அவரை நொந்து பயனில்லை. விற்றவர் நம் வீட்டாரே.

எம் தமக்கையின் புதல்வர் சிங்கப்பூரில் வாழ்கின்றார். பச்சைப்பெட்டியைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பினார். வரலாற்று மதிப்புடைய கையெழுத்துப்படிகள் எழுபத்தைந்து ஆண்டைக் கடந்தால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தின்படி நாட்டைவிட்டுப் போதல் கூடாது. ஆகலின் கடிதங்களையும் ஏட்டையும் பட்டியலையும் எம்மிடமே வைத்துக்கொண்டோம். குடையும் எம்மிடமே உளது. சிலேட்டை அவர் கேட்டமையாற் பெட்டியில் வைத்தோம். சரக்கனுப்பும் நிலையத்து எழுத்தர், உள்ளேயுள்ளவற்றைத் தனித்தனியே எழுதுக, பொதுவாக எழுதினாற் சுங்கத்தார் ஏற்கார் என்றார். பழந்தகரப்பெட்டி ஒன்று, சிலேட்டு ஒன்று என எழுதினோம். பின்னர், சோதனைக்குத் திறக்க நேரும், சாவியைத் தருக என்றார். இதற்குச் சாவி இல்லை என்றோம். அவர் சிறிது நோக்கிவிட்டுக் கயிற்றைக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவித்து, எடை போட்டுச் சீட்டைக் கையிற் கொடுத்தார்.