அலுவிகாரையும் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் வேர்களும்

ஏ-9 வீதியில் மாத்தளை நகரைக் கடந்து வடக்கே சுமார் மூன்று கிலோமீற்றர் சென்றால் அலுவிகாரை வரும். பெரும் பாறைகளுக்கு இடையே குகைகளைக் கொண்ட பழைய விகாரை அது. வாய்மொழியாகவே பேணப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், இங்குதான் ஓலையில் எழுதப்பட்டது என்பது மரபு. படையெடுப்பும் பஞ்சமும் பிக்குகளைக் காவுகொள்ள, மனனம் செய்தவர்களோடு நூலும் அழிந்துவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

திரிபிடகம் எழுதப்பட்ட செய்தியை மகாவம்சம் குறிப்பிடுகிறது. பாளி மொழியில் உள்ள அந்த நூலின் முதல் 38 அத்தியாயங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1837இல் கோட்டை மிஷன் அச்சகத்தில் வெளியிட்டவர் ஜோர்ஜ் டர்னர். எங்கள் வாழ்வைப் புரட்டிப்போட்ட அரசியலில் அடிக்கடி இழுக்கப்பட்ட நூல் என்பதால், அதை உலகறியச் செய்தவர் யார் என்று தேடத் தொடங்கினேன்.

தேடல் என்னை வடக்கே கொண்டு சென்றது. டர்னர் 1799இல் இலங்கையிலேயே பிறந்தவர். அவருடைய தந்தையின் பெயரும் ஜோர்ஜ் டர்னர்தான். இராணுவ அதிகாரியாக இலங்கை வந்த அவர், ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க காலத்தில் வன்னி, மன்னார்ப் பகுதிகளில் வருமான அதிகாரியாக இருந்தார். பண்டாரவன்னியனின் எதிர்ப்பு 1803இல் முறியடிக்கப்பட்டதை அடுத்த காலம் அது. தாய் எமிலி, கர்தினால் ஒருவரின் குடும்பத்தைச் சேர்ந்த பிரெஞ்சுப் பெண். தந்தைவழிப் பாட்டனார் எட்வர்ட் டர்னர், 1766இல் வின்டர்டன் பிரபுவாக்கப்பட்டவர்.

மகன் இங்கிலாந்தில் படித்துவிட்டு 1818இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்தார். பாளி கற்று ஏடுகளைத் தேடினார். மாத்தளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ஃபோர்ப்ஸ் 1840இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலும் அவருடைய ஆய்வு இடம்பெற்றது. இந்தியக் கல்வெட்டுகளில் வரும் ‘பியதசி’ அசோகனே என்று துலங்கியதும் டர்னர் எடுத்துக்காட்டிய பாளிச் சான்றால்தான். நோயுற்று நாட்டைவிட்டுச் சென்ற அவர் 1843இல் நேப்பிள்ஸ் நகரில் காலமானார்.

இவ்வளவையும் அறிய நான் பெரிதாகச் சிரமப்படவில்லை. அயர்லாந்தின் பிரபுக்கள் பட்டியலில் பாட்டனார் இருக்கிறார். சிவில் சேவைப் பதிவுகளில் மகன் இருக்கிறார். இலங்கையில் இறந்த ஐரோப்பியரின் கல்லறை வாசகங்களைக்கூட ஜே. பி. லூயிஸ் தொகுத்து 1913இல் நூலாக்கிவிட்டார். 1895இல் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூலை எழுதியவரும் இவரே.

என் குடும்பத்தில் பூட்டனுக்கு மேலே ஒரு பெயரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. காணி உறுதியும் சாதகங்களும் படங்களும் இருந்த ட்ரங்குப் பெட்டி இடப்பெயர்வில் போய்விட்டது. இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. 1981இல் யாழ். பொது நூலகம் எரிந்தபோது ஓர் ஊரின் நினைவே எரிந்தது. அலுவிகாரையும் அந்த இழப்பை அறியும். 1848 மாத்தளைக் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயப் படை அங்கிருந்த ஏட்டுச் சாலையை அழித்தது. பிக்குகள் மீண்டும் ஓலையில் எழுதத் தொடங்கினார்கள்.

நாமும் தொடங்கலாம். தொலைந்த உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடலாம். தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடு, கோயில் உபயகாரர் பட்டியல், பாடசாலை இடாப்பு, ஒல்லாந்தர் காலத் தோம்பு ஆகியவற்றில் எங்கள் முன்னோரின் பெயர்கள் இருக்கக்கூடும். அதற்கு முன், வீட்டில் உள்ள முதியவரிடம் கேட்டு, அவர் சொல்லும் பெயர், ஊர், பிறந்த ஆண்டு, இடம்பெயர்ந்த பாதை, காணாமல் போனவர் விபரம் அனைத்தையும் ஒரு கொப்பியில் எழுதி, பிரதி எடுத்து வெவ்வேறு நாடுகளில் உள்ள உறவுகளிடம் கொடுத்து வையுங்கள்.

என் பெரியம்மாவுக்கு இப்போது எண்பத்தேழு வயது. முதல் கொப்பியை அவரிடம் இருந்துதான் தொடங்கியிருக்கிறேன்.