தெற்கே ஓர் இரட்டை

வைகாசி ராத்திரியில் முட்டம் கடற்கரையில் தெற்கே பார்த்து நின்றால், அடிவானத்துக்கு மேல் ரெண்டு முஷ்டி உயரத்தில் பளிச்சென்று ரெண்டு நட்சத்திரம். இடப்பக்கம் இருப்பது ஆல்ஃபா செந்தாரி. பாரிஸ்காரர்களுக்கு அது உதிப்பதே இல்லை. நமக்கோ ஓசிக் காட்சி.

வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அது உண்மையில் இரண்டு என்று முதலில் கண்டது புதுச்சேரியில்தான். 1689 டிசம்பரில். சயாமில் ஆட்சி கவிழ்ந்ததும் அங்கிருந்து தப்பி வந்த ஏசுசபைப் பாதிரியார் ழான் ரிஷோ, வால்நட்சத்திரம் ஒன்றைத் தொலைநோக்கியில் துரத்தும்போது தற்செயலாகப் பார்த்தார். நியூட்டனின் 'பிரின்சிப்பியா' வந்து ரெண்டே வருசம். தான் கண்ட இரட்டையை அந்தப் புத்தகத்தின் ஈர்ப்பு விதியால் நிறுக்கலாம் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை.

"நட்சத்திரத்த எந்தத் தராசுலவே வச்சு நிறுத்தானுவ?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. தராசு அந்தச் சுற்றுதான். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 79.8 ஆண்டு. இடையே சராசரித் தூரம், பூமி–சூரியன் தூரத்தைப்போல 23.3 மடங்கு. தூரத்தை மூன்று முறை தன்னோடு பெருக்கினால் 12,649. காலத்தை இரண்டு முறை பெருக்கினால் 6,368. முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட 2. ஆக, ரெண்டும் சேர்ந்து இரண்டு சூரியன் எடை. பொது மையத்துக்கு நெருங்கிச் சுற்றுவது கனமானது, துலாக்கோல் கணக்கேதான். பங்கு பிரித்தால் 1.1, 0.9.

தூரம் தெரியாமல் இது நடக்காது. அதை ஆப்பிரிக்காவின் தென்முனையில் அளந்து 1839இல் வெளியிட்டவர் ஹெண்டர்சன். சுற்றுப்பாதையைக் கணித்த ஆரம்பகாலத்தவர்களில் இருவர் மெட்ராஸ்காரர்கள். ஒருவர் மெட்ராஸ் வான்காட்சியகத்தின் கேப்டன் ஜேக்கப். மற்றவர் மாநிலக் கல்லூரி முதல்வர் ஈ.பி. பவல். பவலைக் கல்வி வரலாற்றில் கொண்டாடுவார்கள். இந்தப் பக்கத்தைச் சொல்வார் குறைவு. பகலில் பாடம் நடத்திவிட்டு ராத்திரியில் கோணம் அளந்த மனுசன் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

ஜேக்கப் ஒருபடி மேலே போனார். 70 ஒஃபியூக்கி என்ற வேறொரு இரட்டை கணக்குக்கு ஒத்துவராமல் அசைவதாகக் கண்டு, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது என்று 1855இல் எழுதினார். அந்தக் கோள் நிலைக்கவில்லை. ஆனால் அசைவை வைத்து இழுப்பவனை நிறுக்கும் அதே யோசனையில்தான் 1995இல் மேயரும் கெலோஸும் 51 பெகாசியில் ஒரு கோளைப் பிடித்தார்கள். அதன் எடை குறைந்தது அரை வியாழன்.