உத்வேகம் (விளையாட்டு)

அடுத்தடுத்த வெற்றிகள் ஆட்டக்காரரின் மனத்தை ஊக்கி, அடுத்த முயற்சியும் பலிக்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்னும் கருத்து. தாமஸ் கிலோவிச், ராபர்ட் வலோன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி மூவரும் 1985இல் பிலடெல்பியா கூடைப்பந்து அணியின் எறிதல்களையும் கார்னெல் பல்கலைக்கழக ஆட்டக்காரர்களையும் ஆராய்ந்து, இது வெறும் மாயை என்றனர். பயிற்சியாளர்கள் ஏற்கவில்லை; பாடநூல்கள் ஏற்றன. 2018இல் ஜோஷுவா மில்லர், ஆதம் சன்ஹுர்ஹோ இருவரும் அந்தக் கணக்கிலேயே ஓட்டையைக் காட்டினர். நாணயத்தை மூன்று முறை சுண்டும் ஆட்டத்தைப் பலமுறை நடத்தி, முதலிரு சுண்டல்களில் ஒரு தலையேனும் விழுந்த ஒவ்வொன்றிலும் தலையை அடுத்துத் தலையே விழும் விகிதத்தைக் குறித்தால், சராசரி பாதியாக வராது, 5/12தான் வரும். வியப்பானாலும் உண்மை. எறிதல்களைக் கணித்த முறையிலும் இருந்த இந்தச் சாய்வைத் திருத்தியதும் பழைய கார்னெல் தரவிலேயே தொடர்வெற்றியின் தடம் தெரிந்தது. காரணம் மனமா, உடலின் இசைவா என்பதை எண்கள் சொல்லா. விளைவு உண்டு, ரசிகர்கள் நம்புமளவு பெரிதன்று.