பரம்பரைச் சங்கேதம் வாசிக்கப்பட்ட வரலாறு

வரலாறு எனின் அரசர் வழிமரபும் போர்க்களங்களும் பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளுமே எனக் கருதுவார் பலர். மனித அறிவு ஒரு பெரும் புதிரைப் படிப்படியாக விடுவித்த கதையும் வரலாறே. அத்தகைய அறிவு வரலாறுகளுள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்த ஒன்று தனிச் சிறப்புடையது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் பரம்பரைச் செய்தியை உயிர்க்கலம் எவ்வாறு வாசித்துப் புரதமாக்குகின்றது என்னும் வினாவிற்கு 1953 தொடக்கம் 1966 வரையுள்ள பதின்மூன்று ஆண்டுகளிலே விடை காணப்பட்டது. அவ்விடை காணப்பட்ட முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பேரறிஞர் சிலர் கணித அழகுடன் வகுத்த கொள்கை ஒருபுறமும், அதிகம் அறியப்படாத இளைஞர் இருவர் பரிசோதனைக் குழாயிற் கண்ட உண்மை மறுபுறமுமாக நின்ற வரலாறு இது. இவ்விரண்டனுள் எது நிலைத்தது, ஏன் நிலைத்தது என்பது விஞ்ஞானம் பயில்வார்க்கு மட்டுமன்றி அறிவை நாடுவார் யாவர்க்கும் உரிய பாடமாகும்.

உடலினுள் நிகழும் தொழில்களிற் பெரும்பாலானவற்றைச் செய்வன புரதங்களே. உணவைச் செரிக்கச் செய்யும் நொதியங்களும், குருதியில் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபினும், வெல்லத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் இன்சுலினும் புரதங்களேயாம். இவை இருபது வகையான அமினோவமிலங்கள் மணிக்கோவை போல ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டு ஆனவை. இன்சுலினில் உள்ள 51 அமினோவமிலங்களின் வரிசை முழுவதையும் கேம்பிறிட்ஜில் ஆராய்ந்த பிரெடெரிக் சாங்கர் 1955 ஆம் ஆண்டளவில் வெளிப்படுத்தினார். ஒவ்வொரு புரதத்திற்கும் திட்டமான வரிசையொன்று உண்டு என்பது அதனால் ஐயமற விளங்கிற்று. அங்ஙனமாயின் அவ்வரிசையைக் கலத்திற்குக் கற்பிப்பது யாது?

இவ்வினாவிற்குரிய விடையின் முதற்றுண்டு நெடுங்காலத்திற்கு முன்னரே கிடைத்திருந்தது. 1869 இல் ஜேர்மனியின் தூபிங்கன் நகரில் பிரெடெரிக் மீஷர் என்னும் சுவிஸ் நாட்டு இளைஞர், புண்கட்டிய துணிகளிற் படிந்த சீழிலிருந்து கலங்களைப் பிரித்து, அவற்றின் கருவினுள் அதுவரை அறியப்படாத ஒரு பொருளைக் கண்டார். அதுவே பின்னர் நியூக்கிளிக்கமிலம் எனப் பெயர் பெற்றது. ஆயினும் நான்கே வகை மூலங்களால் ஆன அப்பொருள் பரம்பரைச் செய்தியைத் தாங்குவதற்கு மிகவும் எளியது என அறிஞர் பலர் அதனைப் புறக்கணித்தனர். 1941 இல் பீடில், டேற்றம் என்னும் இருவரும் நியூரொசுபோரா என்னும் பங்கசினை ஆராய்ந்து, ஒவ்வொரு பரம்பரையலகும் ஒவ்வொரு நொதியத்தை ஆள்கின்றது எனக் காட்டினர். 1944 இல் நியூயோர்க்கிலுள்ள றொக்பெல்லர் நிலையத்தில் ஒஸ்வால்ட் ஏவறியும் அவர்தம் துணைவர் இருவரும், தீங்கற்ற நியுமோனியாப் பற்றீரியாவைத் தீங்குடையதாக மாற்றும் பொருள் டீ.என்.ஏ. என்னும் நியூக்கிளிக்கமிலமே என நிறுவினர். அப்போது ஏவறிக்கு வயது அறுபத்தாறு. 1955 இல் அவர் இறக்கும்வரை நோபல் பரிசு அவரை அடையவில்லை.

1953 ஏப்ரலில் ஜேம்ஸ் வாற்சனும் பிரான்சிஸ் கிறிக்கும் டீ.என்.ஏ.யின் இரட்டைச் சுருளமைப்பை வெளியிட்டனர். றொசலின்ட் பிராங்கிளின், மொறிஸ் வில்கின்ஸ் ஆகியோரின் எக்ஸ் கதிர் ஆய்வுகள் அதற்கு அடிப்படையாயின. அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு மூலங்களும் அச்சுருளின் நெடுகிலும் எழுத்துக்கள் போல வரிசைப்பட்டு நிற்கின்றன. எழுத்து அறியப்பட்டது, ஆயின் சொல் அறியப்படவில்லை. எழுத்து, சொல், பொருள் என நம் இலக்கண நூலார் வகுத்த முறையிற் கூறின், உயிரின் இலக்கணத்தில் எழுத்ததிகாரம் முடிந்து சொல்லதிகாரம் தொடங்க வேண்டியிருந்தது.

அதனைத் தொடங்கிவைத்தவர் உயிரியலாளர் அல்லர். ஒடெசாவிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பௌதிகவியலாளரான ஜோர்ஜ் காமோ என்பவரே, 1954 இல் இவ்வினாவை எண்கணக்காக முன்வைத்தார். நான்கு எழுத்துக்களைக் கொண்டு ஓரெழுத்துச் சொற்கள் ஆக்கின் 4 சொற்களே கிடைக்கும். ஈரெழுத்துச் சொற்கள் ஆக்கின் 16 கிடைக்கும். இருபது அமினோவமிலங்களுக்கு இவை போதா. மூவெழுத்துச் சொற்களோ 64. எனவே மூன்று எழுத்துக்களே ஓர் அமினோவமிலத்தைக் குறித்தல் கூடும். இக்கணக்கு எளியது, ஆயினும் 64 சொற்கள் இருக்க 20 பொருள்கள் மட்டும் இருப்பது ஏன் என்னும் ஐயம் அறிஞரை வாட்டிற்று. காமோ இருபது உறுப்பினர் கொண்ட ஒரு கழகத்தையும் அமைத்தார். ஒவ்வொருவரும் ஓர் அமினோவமிலத்தின் பெயர் தாங்கிக் கழுத்துப்பட்டி அணிந்தனர். விளையாட்டுப் போலத் தோன்றினும், அக்காலத்துக் கூரிய மதியினர் பலர் அதில் இடம்பெற்றிருந்தனர். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நிற்கும் எனக் காமோ வகுத்த முதற் கொள்கை நிலைக்கவில்லை. அத்தகைய சங்கேதம் இயலாது என்பதை, அறியப்பட்டிருந்த புரத வரிசைகளைக் கொண்டே சிட்னி பிறெனர் 1957 இற் காட்டினார்.

அதே ஆண்டில் கிறிக், கிறிபித், ஓகல் என்னும் மூவரும் வேறொரு கொள்கையை வெளியிட்டனர். இடைவெளியும் நிறுத்தக்குறியும் இன்றி எழுதப்பட்ட ஏட்டில் ஒரு சொல் எங்கே தொடங்குகின்றது என்பதை எவ்வாறு அறிவது? எவ்விடத்திலிருந்து வாசிப்பினும் சரியான சொற்களே பொருள் தரவும், பிழையாகப் பிரித்த சொற்கள் பொருளற்றனவாகவும் அமையுமாறு சங்கேதத்தை வகுத்தல் வேண்டும் என அவர்கள் கருதினர். அங்ஙனமாயின் ஒரே எழுத்து மும்முறை வரும் நான்கு சொற்களும் விலக்கப்படும்; அவை தொடர்ந்து வரின் பிரிக்கும் இடம் அறிதற்கு இயலாதன்றோ? எஞ்சிய 60 சொற்களும் மும்மூன்றாகத் தொகுதிப்படும். தொகுதிக்கு ஒன்றே பொருளுடையதாகலாம். 60 ஐ மூன்றால் வகுப்பின் வருவது 20! புரதங்களை ஆக்கும் அமினோவமிலங்களின் தொகையும் அதுவே. இத்துணைப் பொருத்தமுடைய கணக்கு பொய்யாதல் கூடுமோ என வியந்தனர் பலர். அதனை வகுத்த மூவருமோ, தாம் கொண்ட அடிப்படைகள் உறுதியற்றவை என அக்கட்டுரையிலேயே எச்சரித்திருந்தனர்.

கொள்கைகள் இவ்வாறு வளர, போஸ்ரன் நகரின் மருத்துவமனை ஒன்றில் வேறொரு பணி ஆரவாரமின்றி நடந்துகொண்டிருந்தது. போல் சமெக்னிக்கும் மாலன் ஹோக்லண்டும் எலியின் ஈரலை அரைத்து, கலங்கள் சிதைந்த அச்சாற்றிலேயே புரதம் ஆக்கப்படுவதைக் கண்டனர். கதிர்த்தொழிற்பாடுள்ள அமினோவமிலங்களைச் சேர்த்து அவை செல்லும் வழியைத் தொடர்ந்தபோது, இறைபோசோம் என இன்று வழங்கும் நுண்டுணிக்கைகளே புரதம் தொடுக்கப்படும் இடம் எனத் தெளிவாயிற்று. அவ்விடத்தை அடையுமுன் ஒவ்வோர் அமினோவமிலமும் ஆர்.என்.ஏ.யின் சிறு மூலக்கூறு ஒன்றுடன் பிணைக்கப்படுவதையும் அவர்கள் கண்டனர். இத்தகைய இடைத்தரகர் ஒருவர் இருத்தல் வேண்டும் என 1955 இலேயே கிறிக் தம் நண்பர்களுக்குச் சுற்றறிக்கை எழுதியிருந்தார். கொள்கையும் பரிசோதனையும் ஈண்டுக் கைகோத்தன. ஆதலின் கொள்கை வகுத்தல் வீண் என்று கூறுதல் பொருந்தாது. அது பரிசோதனைக்குத் தன்னை ஒப்புவித்தல் வேண்டும் என்பதே கருத்து.

கருவினுள் இருக்கும் செய்தி இறைபோசோமை அடைவது எங்ஙனம் என்பது அடுத்த வினா. மூல ஏட்டைப் பேழையினுள் காத்து, அதன் படியை மட்டும் வெளியே வழங்கும் ஏட்டுச்சாலை போலக் கலமும் ஒழுகுகின்றது என்பது 1960 இற் புலனாயிற்று. அவ்வாண்டு கலிபோர்ணியாவிற் பிறெனர், பிரான்சுவா ஜாக்கோப், மத்தியூ மெசெல்சன் ஆகியோர் செய்த பரிசோதனை, குறுகிய வாழ்வுடைய தூது ஆர்.என்.ஏ. ஒன்று செய்தியைச் சுமந்து செல்கின்றது எனக் காட்டிற்று. இறைபோசோம் எந்தத் தூதையும் வாசிக்கும் பொதுவான பொறி என்பதும் உடன் விளங்கிற்று. அங்ஙனமாயின் நாமே ஒரு தூதை எழுதிக் கொடுத்தால் அது வாசிக்குமோ?

இதனைச் செய்து பார்த்தவர்கள் மேற்கூறிய கழகத்தைச் சேர்ந்தவரல்லர். அமெரிக்காவின் பெதெஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிலையத்தில் மாஷல் நைரன்பேர்க் என்னும் முப்பத்துநான்கு வயது ஆய்வாளரும், ஜேர்மனியிலிருந்து வந்த ஹைன்றிச் மத்தேயியும் பற்றீரியாச் சாற்றைக் கொண்டு முயன்றனர். ஆர்.என்.ஏ.யில் தைமினுக்குப் பதிலாக யூராசில் என்னும் மூலம் உண்டு. யூராசில் ஒன்றே மீண்டும் மீண்டும் வரும் செயற்கைத் தூதொன்றை அச்சாற்றில் இட்டு, இருபது அமினோவமிலங்களுள் எது தொடுக்கப்படுகின்றது எனச் சோதித்தனர். 1961 மே 27 ஆம் நாள் விடியற்காலையில், நைரன்பேர்க் கலிபோர்ணியாவிற் தங்கியிருந்த வேளை, மத்தேயி விடையைக் கண்டார். தொடுக்கப்பட்டது பீனைலலனின் என்னும் அமினோவமிலம் ஒன்றே. உயிரின் அகராதியில் வாசிக்கப்பட்ட முதற் சொல் அதுவாகும்.

அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் மொஸ்கோவில் நடந்த உயிர்இரசாயன மாநாட்டில் நைரன்பேர்க் இதனை எடுத்துரைத்தபோது கேட்டிருந்தவர் மிகச் சிலரே. அவருள் ஒருவரான மெசெல்சன் இதன் அருமையை உணர்ந்து கிறிக்குக்குக் கூறினார். கிறிக் பெருஞ்சபையின் முன் அவ்வுரையை மீண்டும் நிகழ்த்த ஏற்பாடு செய்தார். இதனுள் அமைந்த பொருத்தத்தை நோக்குக. யூராசில் மும்முறை வரும் சொல், கிறிக்கும் துணைவரும் வகுத்த கொள்கையின்படி இருத்தலே கூடாத நான்கு சொற்களுள் ஒன்று. வாசிக்கப்பட்ட முதற் சொல்லே அழகிய அக்கொள்கையை வீழ்த்திற்று. வீழ்த்தப்பட்டவரோ அதனை மறைக்க முயலாது, அறிவுலகம் முழுவதும் கேட்குமாறு மேடை அமைத்துக் கொடுத்தார். அவ்வாண்டு முடிவதற்குள் தாமே வைரசுகளைக் கொண்டு பரிசோதனை செய்து, சங்கேதம் மும்மூன்று எழுத்துக்களாக, ஒரு தொடக்கத்திலிருந்து வரிசையாக வாசிக்கப்படுகின்றது என நிறுவினார். இருபதுக்கு இருபது என்னும் பொருத்தம் தற்செயலே. ஒரு பொருளுக்குப் பல சொற்கள் உண்டு என்பதே உண்மையாயிற்று.

எஞ்சிய சொற்களை வாசித்த பணியில் முதலிடம் பெறுவோருள் ஒருவர் நம் அயல்நாட்டவர். ஹர் கோவிந்த் குரானா 1922 இற் பஞ்சாப்பின் ராய்ப்பூர் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். அவ்வூர் இப்போது பாகிஸ்தானில் உளது. ஏறக்குறைய நூறு பேர் வாழ்ந்த அவ்வூரில் எழுத்தறிவுடைய குடும்பம் அவருடையது ஒன்றே எனலாம். அவர்தம் தந்தையார் ஊரின் நிலவரிக் கணக்கர். வறுமையிலும் பிள்ளைகளின் கல்வியைக் கைவிடாதவர். லாகூரிலும் லிவர்ப்பூலிலும் பயின்ற குரானா, விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் எழுத்து வரிசை திட்டமாக அறிந்த நியூக்கிளிக்கமிலங்களைத் தம் கையாலேயே தொகுத்தார். யூராசிலும் சைற்றோசினும் மாறி மாறி வரும் தூதை இட்டபோது, செரீன், லியூசீன் என்னும் இரண்டும் மாறி மாறித் தொடுக்கப்பட்டன. மூவெழுத்துச் சொல்லுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? 1964 இல் நைரன்பேர்க்கும் பிலிப் லீடரும் கண்ட வேறொரு விரைவான முறையும் துணைசெய்ய, 1966 இல் 64 சொற்களின் பொருளும் நிறைவுற்றன. 61 சொற்கள் அமினோவமிலங்களைக் குறிப்பன. மூன்று சொற்கள் நிறுத்தக்குறிகள். 1968 இல் நைரன்பேர்க், குரானா, இடைத்தரகராகிய ஆர்.என்.ஏ. ஒன்றன் முழு வரிசையைக் கண்ட றொபேட் ஹொலி ஆகிய மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். விடியலிற் சாற்றைச் சோதித்த மத்தேயியின் பெயர் அப்பட்டியலில் இல்லை. வரலாறு எழுதுவோர் அவரை மறத்தல் தகாது.

இங்ஙனம் காணப்பட்ட செயன்முறையைச் சுருங்கக் கூறின்: டீ.என்.ஏ.யிலுள்ள செய்தி தூது ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படுகின்றது. இறைபோசோம் அப்படியை மூன்று மூன்று எழுத்துக்களாக வாசிக்கின்றது. ஒவ்வொரு சொல்லுக்கும் இயைந்த இடைத்தரகர் தமக்குரிய அமினோவமிலத்தைக் கொணர்ந்து ஒப்புவிக்கின்றார். பற்றீரியா ஒன்றில் இத்தொடுத்தல் விநாடிக்கு 15 முதல் 20 வரை நிகழ்கின்றது. நிறுத்தக்குறி வந்ததும் புரதம் விடுபடுகின்றது. ஓரெழுத்துப் பிழையும் உயிரை வருத்தவல்லது. அரிவாட்கலச் சோகையில், ஈமோகுளோபினின் 146 அமினோவமிலங்கள் கொண்ட ஒரு தொடையில் ஆறாவது மட்டும் மாறியுள்ளது. இவ்வாறு ஓர் அமினோவமிலத்தின் மாற்றமே நோய்க்குக் காரணம் என்பதை வேர்னன் இங்கிராம் 1950 களின் பிற்பகுதியிற் கேம்பிறிட்ஜிற் கண்டார்.

இச்சங்கேதம் பற்றீரியா முதல் மனிதன் ஈறாக, சில சிறு விலக்குகள் நீங்கலாக, ஒன்றேயாம். அதனாலன்றோ மனித இன்சுலினுக்குரிய செய்தியைப் பற்றீரியாவிற் புகுத்தி அதனைக்கொண்டே ஆக்கிய மருந்து 1982 முதல் நீரிழிவு நோயாளருக்குக் கிடைக்கலாயிற்று. இறைபோசோமின் அணுவமைப்பை வெளிப்படுத்தியமைக்காக 2009 இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர், சிதம்பரத்திற் பிறந்து, முதலிற் பௌதிகம் பயின்று பின்னர் உயிரியலுக்கு வந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். 2020 இல் உலகைப் பீடித்த கொள்ளைநோய்க்கு எதிராக வழங்கப்பட்ட தடுப்பூசிகளுட் சிலவும், நாமே எழுதிய தூதைக் கலத்திற்குக் கொடுத்து வாசிக்கச் செய்யும் அப்பழைய பரிசோதனையின் வழித்தோன்றல்களே.

இவ்வரலாறு மாணவர்க்கு உணர்த்துவன இரண்டு. அழகும் ஒழுங்கும் உடைய கருத்து மனத்தைக் கவரும்; ஆயின் கவர்ச்சி சான்றாகாது. எத்துணைப் பெரியார் கூறினும், சோதித்துப் பார்த்தபின்னரே கொள்ளல் வேண்டும். மற்றொன்று, உண்மை புகழ்பெற்றோரின் வாயிலில் மட்டும் வந்து நிற்பதன்று. சீழ்த்துணியை ஆராய்ந்த இளைஞரிடமும், நிலவரிக் கணக்கரின் மகனிடமும், விடியும்வரை விழித்திருந்த மத்தேயியிடமும் அது வந்தது. நம் கல்லூரி ஆய்வுகூடத்தின் எளிய மேசைகளில் நின்று கற்கும் இளைஞரும் இதனை நினைவிற் கொள்வாராக.