பென்னாகரத்து மர அறுப்பும் அதைச் சுழற்றிய விசையும்

மரத்தைப் பலகையாக்க இரண்டு வேண்டும்: பல் வைத்த இரும்பு ஒன்று, அதை ஓயாமல் இழுக்க விசை ஒன்று. பல் வைத்த இரும்பின் வடிவம் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் அவ்வளவாக மாறவில்லை. அதை இழுக்கும் விசை மட்டும் ஆளின் கையிலிருந்து எண்ணெய் எஞ்சினுக்கும், எஞ்சினிலிருந்து பொதுத் தண்டுக்கும், தண்டிலிருந்து தனி மோட்டாருக்கும் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. தருமபுரிக்கு மேற்கே ஒகேனக்கல் சாலையில் இருக்கும் பென்னாகரம், காட்டுக்கும் சமவெளிக்கும் நடுவில் அமைந்த ஊர். மேற்கே காவிரி ஓடுகிறது. சுற்றிலும் ஆச்சா, உசில், வேங்கை வளரும் வறண்ட காடுகள். இத்தகைய ஊரில் மர அறுப்பின் வரலாறு அங்கு வந்து சேர்ந்த விசையின் வரலாறாகவே இருக்கிறது.

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் இப்பகுதி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இப்பகுதியில் நிலவரி ஏற்பாடுகளைச் செய்தார்கள். அந்தக் காலத்தில் மர வேலை என்றால் ஏர், வண்டிச் சக்கரம், செக்கு, வீட்டு உத்தரம், கதவு நிலை. ஏருக்கும் சக்கரத்துக்கும் பலகை வேண்டாம். கோடாரியும் வாச்சியும் போதும். பலகை தேவைப்படும்போதுதான் இரண்டு ஆள் இழுக்கும் நீண்ட ரம்பம் வெளியே வரும்.

இந்த அறுப்பு முறையை அருகில் நின்று பார்த்தால்தான் அதன் கடுமை தெரியும். அடிமரத்தைக் குழியின் மேல் கிடத்துவார்கள். குழி இல்லாத இடத்தில் கட்டைகளை முட்டுக் கொடுத்துச் சாய்வாகத் தூக்கி நிறுத்துவார்கள். கரித்தூளோ காவியோ தோய்த்த நூலை மரத்தின் மேல் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் நேர்கோடு விழும். ஒருவர் மரத்தின் மேல் ஏறி நிற்பார், இன்னொருவர் அடியில் நிற்பார். ரம்பத்தின் பற்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் கீழே இழுக்கும்போதுதான் மரம் அறுபடும். ஆகவே பாரமான வேலை கீழே நிற்பவருடையது. மேலே நிற்பவர் ரம்பத்தைத் தூக்கிக் கொடுத்துக் கோடு தப்பாமல் பார்த்துக்கொள்வார். மரத்தூள் முழுவதும் கீழே நிற்பவரின் கண்ணிலும் மூக்கிலும் விழும். ஈரமரம் ரம்பத்தைக் கவ்விப் பிடிக்காமல் இருக்க, பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமும் வளைத்து விடுவார்கள். நாளின் நல்ல பகுதி அரத்தை வைத்துப் பல் தீட்டுவதிலேயே கழியும்.

சென்னை வனச் சட்டம் 1882இல் இயற்றப்பட்டு மறு ஆண்டின் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு ஒதுக்குக்காட்டு மரத்தை வெட்ட அனுமதி வேண்டும், கொண்டுபோகச் சீட்டு வேண்டும் என்றானது. காட்டு மரம் அளந்து எண்ணப்படும் சரக்காகிவிட்டபோது, அறுப்பில் வீணாகும் மரத்துக்கும் விலை வந்துவிட்டது.

அந்த வீணைக் குறைத்தது பேண்ட்சா என்ற பட்டை ரம்பம். இரண்டு சக்கரங்களின் மேல் முடிவில்லாமல் ஓடும் மெல்லிய எஃகுப் பட்டை அது. வில்லியம் நியூபெரி 1808இல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் பட்டையின் இரு முனைகளையும் ஒட்டிய இடம் சக்கரத்தைச் சுற்றி வளைந்து வளைந்து அறுந்துபோனதால், பல பத்தாண்டுகளுக்கு அது காகிதத்திலேயே கிடந்தது. 1846இல் ஆன் பாலின் கிரேப்பன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, அறுந்துபோகாமல் முனைகளை ஒட்டும் முறைக்குக் காப்புரிமை கோரினார். பாரிஸில் இருந்த பெரின் நிறுவனம் அந்த உரிமையை வாங்கி, நன்கு பதமேற்றிய எஃகில் பட்டைகளைச் செய்தது. இன்று ஒவ்வொரு மரவாடியிலும் ஓடும் பிளேடு அந்த ஒட்டிலிருந்துதான் தொடங்குகிறது. வட்ட ரம்பத்தைவிட இது மெல்லியது. அறுக்கும் பள்ளம் குறுகியதாக இருப்பதால் தூளாகப் போகும் மரம் குறைவு. விலை உயர்ந்த மரத்தில் அந்தக் கால் அங்குலம், அரைக்கால் அங்குல வித்தியாசம் பெரிய பணம்.

பேண்ட்சாவை ஆள் இழுத்து ஓட்ட முடியாது. நகரத்துப் பட்டறைகளுக்கு நீராவி கிடைத்தது. சென்னை ரயில்வே 1856இல் தொடங்கிய பெரம்பூர் பட்டறை போன்ற இடங்களில் மர வேலையும் இயந்திரத்தோடு நடந்தது. பென்னாகரத்துக்கு ரயில் வரவில்லை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் போடப்பட்ட குறுகிய பாதையும் 1941இல் மூடப்பட்டது. பாய்லர் வைக்க நீரும் விறகும் ஆளும் வேண்டும். சிற்றூருக்கு அது தாங்காது.

சிற்றூருக்குப் பொருந்தியது எண்ணெய் எஞ்சின். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னை மாகாணத்தில் கிணற்று நீர் இறைக்க எண்ணெய் எஞ்சினைப் பரப்பினார். இறைப்புக்கு வந்த எஞ்சின் பிறகு நெல் அரைக்கவும் கடலை ஆட்டவும் மாவு அரைக்கவும் உதவியது. இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனம் 1929இல் கொண்டுவந்த மெதுவேக டீசல் எஞ்சினும், பின்னாளில் ராஜ்கோட்டில் அதே மாதிரியில் செய்யப்பட்டவையும் இந்தியக் கிராமங்களில் நிலைத்துவிட்டன. புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் 1946இல் தொடங்கப்பட்டது. லிஸ்டர் வகை எஞ்சின் என்றால் ஒரே சிலிண்டர், இரண்டு பெரிய ஃப்ளைவீல் சக்கரங்கள், நிமிடத்துக்கு 650 சுற்று, 6 எச்.பி. குளிர்விக்க ஒரு தொட்டித் தண்ணீர். ‘டக் டக்’ என்ற அதன் சத்தம் ஊருக்கு வெளியிலிருந்தே கேட்கும்.

எஞ்சின் ஒன்று, வேலை பல என்ற நிலையில்தான் லைன் ஷாஃப்ட் வந்தது. கொட்டகையின் நீளத்துக்குச் சுவரிலோ உத்தரத்திலோ தாங்கிகளில் ஓடும் இரும்புத் தண்டு அது. எஞ்சினின் புல்லி 10 அங்குலம், தண்டின் புல்லி 26 அங்குலம் என்றால், எஞ்சின் 650 சுற்று ஓடும்போது தண்டு 250 சுற்று ஓடும். தண்டிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு தட்டை பெல்ட் இறங்கும். பேண்ட்சாவுக்கு 250 சுற்று போதாது. எனவே தண்டில் 24 அங்குலப் பெரிய புல்லி, ரம்பத்தில் 12 அங்குலச் சிறிய புல்லி. வேகம் இரட்டித்து 500 சுற்றாகும். 30 அங்குலச் சக்கரமுள்ள ரம்பத்தில் பிளேடு நிமிடத்துக்கு 3900 அடிக்குச் சற்று மேலாக ஓடும். மர அறுப்புக்கு இது நல்ல வேகம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு அழகு இருந்தது. ரம்பத்தை நிறுத்த எஞ்சினை நிறுத்த வேண்டியதில்லை. ரம்பத்தின் புல்லிக்குப் பக்கத்தில் தானாகச் சுழலும் லூஸ் புல்லி ஒன்று இருக்கும். ஒரு கட்டையால் பெல்ட்டை அதன் மேல் தள்ளிவிட்டால் ரம்பம் நிற்கும், தண்டு ஓடிக்கொண்டே இருக்கும். எதிர்த்திசையில் சுழல வேண்டிய இயந்திரத்துக்குப் பெல்ட்டை எட்டுப் போலக் குறுக்கே போட்டால் போதும். குறையும் அதே அளவுக்கு இருந்தது. வைரம் பாய்ந்த புளி மரம் மேசையில் ஏறினால் தண்டே தளர்ந்து, பக்கத்தில் ஓடும் நெல் அரைக்கும் ஹல்லரும் சுணங்கும். ஒரே ஒரு பலகை அறுக்கவும் முழுத் தண்டையும் சுற்ற வேண்டும். எஞ்சின் பழுதானால் எல்லா வேலையும் படுத்துவிடும். தலைக்கு மேலும் இடுப்புக்கு அருகிலும் மூடாமல் ஓடிய பெல்ட்டுகள் வேட்டி முனையையும் துண்டையும் இழுத்துக்கொள்ளும் ஆபத்து எப்போதும் இருந்தது.

மின்சாரம் இந்தக் கட்டைத் தளர்த்தியது. பைக்காரா நீர்மின் நிலையம் 1930களின் தொடக்கத்தில் மின்சாரம் தரத் தொடங்கியது. 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் 1937இல் மின் உற்பத்தி தொடங்கியது. அந்த அணையின் நீர்ப்பரப்பு நாகமரை, ஒட்டனூர் வரை பென்னாகரம் வட்டத்தின் ஓரத்தைத் தொடுகிறது. அதே 1937இல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே செய்த மோட்டாரை உருவாக்கினார்கள். 1957இல் மாநில மின்வாரியம் அமைந்தபின் கம்பிகள் கிணற்று மோட்டார்களைத் தேடி ஊர் ஊராகப் போயின. அவற்றோடு மரவாடிகளுக்கும் மும்முனை இணைப்பு கிடைத்தது.

முதலில் பல இடங்களில் எஞ்சின் இருந்த இடத்தில் மோட்டாரை உட்கார வைத்துப் பழைய தண்டையே சுற்ற வைப்பார்கள். ஒவ்வொரு இயந்திரமாகத் தண்டிலிருந்து கழற்றித் தனி மோட்டாரில் கோப்பது அடுத்த படி. பேண்ட்சா போன்ற கனமான இயந்திரத்தைத் தனியாக்குவதில்தான் தொழிலறிவு வேண்டும், ஏனென்றால் கணக்கு தலைகீழாகிறது. நான்கு துருவ மோட்டார் நம் 50 சுழற்சி மின்சாரத்தில் பாரத்தோடு ஏறத்தாழ 1440 சுற்று ஓடும். தண்டில் வேகத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. மோட்டாரில் அதைக் குறைக்க வேண்டும். தண்டிலிருந்த 24 அங்குலப் புல்லியைக் கழற்றி மோட்டாரில் மாட்டி, ரம்பத்தின் 12 அங்குலப் புல்லியை அப்படியே விட்டால் ரம்பச் சக்கரம் 2880 சுற்று ஓட முனையும். வார்ப்பிரும்புச் சக்கரம் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல. வெடித்துச் சிதறும் ஆபத்து உண்டு. சரியான வழி மோட்டாரில் 5 அங்குலம், ரம்பத்தில் 15 அங்குலம். அப்போது சக்கரம் 480 சுற்று ஓடும். பிளேடு 3770 அடி வேகத்தில் பழைய அளவுக்கு அருகிலேயே நிற்கும்.

5 அங்குலத்துக்குக் குறைந்த புல்லி பி-வகை வி-பெல்ட்டுக்கு ஆகாது; கூர்மையாக வளைந்து விரைவில் வெடிப்பு விடும். ஜான் கேட்ஸ் 1917இல் அமெரிக்காவில் உருவாக்கிய இந்த வி-பெல்ட் இல்லாமல் தனி மோட்டார் இவ்வளவு எளிதாக வந்திருக்காது. தட்டை பெல்ட் நழுவாமல் பிடிக்க மோட்டாருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நல்ல தூரம் வேண்டும். வி-பெல்ட் பள்ளத்தில் ஆப்பு போல இறங்குவதால் மோட்டாரை ரம்பத்தின் காலடியிலேயே வைக்கலாம். பெல்ட் தளரும்போது இறுக்க, மோட்டார் நகரும்படி அடியில் இரண்டு இரும்புச் சட்டங்கள் போடுவார்கள்.

பிறகு திசை பார்க்க வேண்டும். பிளேடு மேசையில் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். ஏறினால் மரத்தைத் தூக்கி அடிக்கும். முன்பு பெல்ட்டைக் குறுக்கே போட்டுச் செய்ததை, இப்போது மும்முனைக் கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் செய்துவிடலாம். பிளேடு போடாமல் ஒருமுறை ஓட்டித் திசையை உறுதி செய்வதே முறை. அதன்பின் பிளேடு மாட்டி, மேல் சக்கரத்தைக் கையால் சுற்றி, பட்டை நடுவில் ஓடும்வரை அச்சைச் சாய்த்துச் சரிசெய்வார்கள். சுவிட்சை அணைத்தாலும் கனமான சக்கரங்கள் நெடுநேரம் ஓடும். லூஸ் புல்லிக்குத் தள்ளிப் பழகிய கைக்கு இதுவும் புதிய பாடம்தான்.

ஒரு விசை, பல வேலை என்ற எண்ணம் தண்டோடு போய்விடவில்லை. 1947இல் அமெரிக்காவில் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் ஒரே மோட்டாரில் ரம்பம், கடைசல், துளையிடல் எல்லாம் செய்யும் ஷாப்ஸ்மித் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டுத் தச்சுப் பட்டறைகளில் இழைப்பும் வட்ட ரம்பமும் துளையும் சேர்ந்த கூட்டு இயந்திரம் அதே எண்ணத்தில் நிற்கிறது. அதன் மோட்டாரில் சிறிய பேண்ட்சாவைக் கோக்க நினைப்பவரும் இதே புல்லிக் கணக்கைத்தான் போட வேண்டும்.

1996 டிசம்பர் 12 அன்று காட்டுப் பாதுகாப்பு குறித்த கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை நாடெங்கும் மர அறுப்பு மில்களை இறுக்கியது. அதற்குப் பிறகு உரிமம் இல்லாமல் மில் நடத்துவது இயலாததாயிற்று. காட்டு மரம் குறைய, பட்டா நிலத்துப் புளி, வேம்பு, பூவரசு, தென்னை ஆகியவை மேசைக்கு வந்தன. தென்னையின் வெளிவைரம் பிளேடின் முனையை விரைவில் மழுக்கிவிடும். அதை அறுக்கும் நாளில் அரத்துக்கு மறுபடியும் நிறைய வேலை.