மணி அடிக்காத பதினொரு நாட்கள்

களவு போனது ஒரு தண்ணீர் மோட்டர் மட்டுமே. பொலிசுக்குப் போவதா, விடுவதா என்று குடும்பத்துக்குள் விவாதித்து, இறுதியில் போகாமலே விட்ட அளவுக்குச் சிறிய களவு. ஆயினும் அதைப் பற்றி எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. காரணம் மோட்டர் அன்று.

கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டில் எண்பத்திரண்டு வயதான அம்மா தனியே வசிக்கிறார். நான் கொழும்பில், அக்கா ரொறன்ரோவில். எங்கள் இருவரின் மனச்சாட்சிக்கும் ஆறுதலாக, சில ஆண்டுகளுக்கு முன்னர் வீட்டில் நான்கு கமராக்களும் ஒரு பதிவுப்பெட்டியும் பொருத்தினோம். இரவில் வளவுக்குள் ஆள் நடமாட்டம் தென்பட்டால் இணையத்தின் வழியே எங்கள் இருவரது கைத்தொலைபேசிகளும் ஒலிக்கும். தொடக்கத்தில் பூனைக்கும் ஒலித்தது, காற்றில் அசையும் வாழையிலைக்கும் ஒலித்தது. பின்னர் அமைதியானது. அந்த அமைதிக்கு நாங்கள் பழகிவிட்டோம்.

ஒரு நாள் வேறு ஏதோ அலுவலாக அம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தபோது, "கிணத்திலை அள்ளித்தான் குளிக்கிறன்" என்றார். ஏன் என்று கேட்டேன். மோட்டர் களவு போய் ஒரு கிழமை என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை இன்னமும் என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"நீங்கள் ரெண்டு பேரும் கமராவிலை பாத்திருப்பியள்தானே தம்பி. நான் கவலைப்படுவன் எண்டு சொல்லாமல் இருக்கிறியளாக்கும் எண்டு நானும் கேக்கேல்லை."

அதற்கு முதல்நாள்தான் அக்காவிடம், "அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை, ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை" என்று சொல்லியிருந்தேன். எச்சரிக்கை வராமைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, கள்வன் வரவில்லை. மற்றையது, கம்பி அறுந்துவிட்டது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது எப்படி என்ற கேள்வி எனக்குப் புதிது. களவெச்சரிக்கைத் தொழிலுக்கோ அது 170 ஆண்டுப் பழைமை வாய்ந்தது.

மின்சாரத்தால் இயங்கும் களவெச்சரிக்கை மணிக்கு 1853ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் திகதி காப்புரிமை பெற்றவர் ஒகஸ்ரஸ் ரசல் போப். அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்கு அருகே உள்ள சொமர்வில்லில் சமயகுருவாக இருந்தவர். கதவு, ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு மின்தொடுகை. கதவு திறக்கப்பட்டால் தொடுகை பொருந்தும், மின்னோட்டம் பாயும், மின்காந்தம் மணியை அடிக்கும். எளிமையும் அழகும் கொண்ட ஏற்பாடுதான். ஆனால் கதவு திறக்கப்படும் வரை அந்தக் கம்பியில் எதுவும் ஓடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கம்பியை எலி கடித்திருந்தாலும், மின்கலம் செத்துப்போயிருந்தாலும், கள்வன் முன்கூட்டியே அறுத்திருந்தாலும் வீட்டுக்காரனுக்குக் கேட்பது ஒரே அமைதிதான். எங்கள் கொக்குவில் வீட்டின் பதினொரு நாள் அமைதியும் இதே இனத்தைச் சேர்ந்தது.

இந்தக் குறையை மிகத் தெளிவாக உணர்ந்து தீர்த்தவர் களவுத் தடுப்புத் துறையைச் சேர்ந்தவர் அல்லர், புகையிரதத் துறையைச் சேர்ந்தவர். வில்லியம் ரொபின்சன் என்னும் அமெரிக்கர், தண்டவாளத்தில் வண்டி நிற்பதைத் தானாகவே அறிவிக்கும் கருவியொன்றை 1870இல் நியூயோர்க் கண்காட்சியில் வைத்தார். வண்டி வந்தால் மின்சுற்று பூரணமாகி அடையாளம் விழும். போப்பின் மணியைப் போன்றதே. ஆனால் மின்கலம் செயலிழந்தால் வண்டி நிற்கும் இடத்திலும் 'பாதை வெறுமை' என்றே அது காட்டும் என்பதை அவரே உணர்ந்தார். எனவே தன் கருவியைத் தலைகீழாகப் புரட்டினார். 1872இல் அவர் காப்புரிமை பெற்ற முறையில், மின்னோட்டம் இரவு பகலாகத் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடும்வரை மட்டுமே பாதை வெறுமை. வண்டி ஏறினாலும், தண்டவாளம் முறிந்தாலும், கம்பி அறுந்தாலும், மின்கலம் செத்தாலும் அடையாளம் அபாயத்துக்கு மாறிவிடும். பழுது ஏற்பட்டால் அது அபாயமாகவே காட்டப்பட வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டின் மேல்தான் உலகின் பெரும்பகுதிப் புகையிரதச் சமிக்ஞைகள் பின்னர் கட்டியெழுப்பப்பட்டன.

களவெச்சரிக்கைத் தொழிலும் அதே திசையிலேயே நகர்ந்தது. போப்பிடமிருந்து உரிமையை 1857இல் வாங்கிய எட்வின் ஹோம்ஸ், இரண்டு ஆண்டுகளில் தொழிலை பொஸ்டனிலிருந்து நியூயோர்க்குக்கு மாற்றினார். கள்வர் அங்கேதான் அதிகம் என்று கருதியே மாறினார் என்று சொல்லப்படுவதுண்டு. வீட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்த மணி, காலப்போக்கில் வீட்டிலிருந்து நீண்ட கம்பியின் மறுமுனையில், இரவு பகலாக ஆள் விழித்திருக்கும் நிலையமொன்றில் அடிக்கத் தொடங்கியது. இங்கே ஒரு சுவையான செய்தி: 1877இல் பொஸ்டன் நகரின் முதல் தொலைபேசி இணைப்புப் பலகை அமைக்கப்பட்டது ஹோம்சின் மகனுடைய அலுவலகத்தில், வங்கிகளுக்குச் சென்ற களவெச்சரிக்கைக் கம்பிகளின் மீதுதான். பகலில் அவை தொலைபேசிக் கம்பிகள், இரவில் களவெச்சரிக்கைக் கம்பிகள். தொலைபேசி வலையமைப்பின் மீது களவெச்சரிக்கை ஏறிக்கொண்டது என்றே நாம் நினைத்திருக்கிறோம். பொஸ்டனில் நடந்தது மறுவளமாக.

பின்வந்த நூறாண்டுகளில் செப்புக் கம்பித் தொலைபேசியே வீட்டு எச்சரிக்கையின் முதுகெலும்பாக இருந்தது. அதற்குரிய சிறப்பை நாம் அன்று மதிக்கவில்லை. அதற்குத் தேவையான 48 வோல்ற் மின்சாரம் பரிவர்த்தனை நிலையத்தின் மின்கலத்திலிருந்து அதே கம்பியில் வந்தது. வீட்டில் மின்வெட்டு ஏற்பட்டாலும் தொலைபேசி உயிரோடிருந்தது. வீட்டுக்குள் ஓடிய எச்சரிக்கைக் கம்பிகளின் நுனியில் ஒரு சிறு மின்தடையைப் பொருத்தினார்கள். கம்பியை அறுத்தாலும் அளவு மாறும், இரு கம்பிகளையும் சேர்த்து முறுக்கினாலும் அளவு மாறும், இரண்டுக்கும் மணி அடிக்கும். எச்சரிக்கைப் பெட்டிகள் நாளுக்கு ஒரு தடவையேனும் கண்காணிப்பு நிலையத்தை அழைத்து, 'நான் இருக்கிறேன்' என்று அறிவித்தன. அந்த அழைப்பு வராவிட்டால் நிலையம் தேடத் தொடங்கும்.

வீட்டுக் கமராவின் கதை வேறொரு இடத்தில் தொடங்குகிறது. நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிறவுண் ஒரு தாதி. நேரங்கெட்ட நேரத்தில் வேலை, அழைத்தால் தாமதித்து வரும் பொலிஸ். கதவில் நான்கு துளைகள், அவற்றின் பின்னால் மேலும் கீழும் நகரும் கமரா, படுக்கையறையில் திரை, வெளியே நிற்பவருடன் பேச ஒலிவாங்கி, கதவின் பூட்டைத் தூரத்திலிருந்தே திறக்க ஒரு பொத்தான் என்று கணவருடன் சேர்ந்து 1966இல் விண்ணப்பித்தார். 1969 டிசெம்பர் 2ஆம் திகதி காப்புரிமை கிடைத்தது. தனியே இருக்கும் பெண்ணின் அச்சத்திலிருந்து பிறந்த கருவி அது. எனினும் பார்ப்பவரும் வீட்டுக்குள்ளேயே இருந்தார். படம் அணைந்தால் அணைந்தது கண்ணுக்குத் தெரியும். எங்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

எச்சரிக்கைப் பெட்டிகளை ஊமையாக்குவது கள்வர் மட்டுமல்லர், முன்னேற்றமும்தான். அமெரிக்காவில் பழைய அனலொக் கைத்தொலைபேசிச் சேவையை நிறுத்திக்கொள்ள 2008 பெப்ரவரி 18 முதல் அனுமதி கிடைத்தது. அதனை நம்பியிருந்த எச்சரிக்கைப் பெட்டிகளை மாற்ற வேண்டியதாயிற்று. 2022 பெப்ரவரியில் அங்கே ஒரு பெரிய நிறுவனம் மூன்றாம் தலைமுறைச் சேவையை நிறுத்தியபோது அதே கதை மீண்டும் நடந்தது. அவகாசம் கேட்டு எச்சரிக்கைத் துறையினர் முன்கூட்டியே மனுக் கொடுத்தும் பலிக்கவில்லை. பிரித்தானியாவில் செப்புக் கம்பித் தொலைபேசியைக் கைவிடும் வேலையின்போது, முதியோர் கழுத்தில் அணியும் அவசர அழைப்புப் பொத்தான்கள் வேலை செய்யாமற்போன பாரதூரமான சம்பவங்கள் நிகழ்ந்தன. 2023 டிசெம்பரில் கட்டாய மாற்றம் இடைநிறுத்தப்பட்டது. 2025 இறுதி என்றிருந்த காலக்கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இலண்டனில் பெற்றோரைத் தனியே வைத்திருக்கும் நம்மவர் அந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பார்ப்பது நல்லது.

எங்கள் வீட்டில் நடந்ததும் இத்தகைய முன்னேற்றமே. செப்புக் கம்பி போய் ஒளியிழை இணைப்பு வந்தது. பொருத்த வந்தவர்கள் பழைய ரவுட்டரைக் கழற்றிப் புதியதைப் பூட்டி, அம்மாவின் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ ஓடுவதைக் காட்டிவிட்டுப் போனார்கள். பதிவுப்பெட்டியைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. வரவேற்பறைத் திரையில் மூன்று படங்கள் வழமைபோலத் தெரிந்தன. பழுது என்று நினைக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

அயல்வீட்டுத் தம்பி ஒருவர், தொழினுட்பக் கல்லூரி மாணவர், வந்து பார்த்தார். கொழும்பிலிருந்து நான் தொலைபேசியில் தொங்கிக்கொண்டிருந்தேன். கமராக்கள் பழுது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. அவர் அவசரப்படவில்லை. "உள்ளுக்கை படம் வருகுது அண்ணை, அப்ப கமரா சரி. வயர் பூட்டுற இடத்திலை லைட் மினுங்குது, அப்ப வயரும் சரி. முகவரியைப் பாப்பம்" என்றார்.

அங்கேதான் இருந்தது பிழை. பதிவுப்பெட்டிக்கு முன்னர் யாரோ நிரந்தர முகவரியாக 192.168.1.108 என்று எழுதி வைத்திருந்தார்கள். வெளியே போகும் வாசல் 192.168.1.1 என்றும் எழுதியிருந்தது. புதிய ரவுட்டரோ 192.168.8 என்று தொடங்கும் வேறொரு தெருவைத் திறந்து வைத்திருந்தது. பதினொரு நாட்களாக எங்கள் பெட்டி, இடிக்கப்பட்ட வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. முகவரியை ரவுட்டரிடமிருந்தே பெற்றுக்கொள்ளும்படி மாற்றினார். சில நிமிடங்களில் என் கைத்தொலைபேசியில் மூன்று படங்கள் எழுந்தன. நான்காவது, படலையடியில் இருக்கும் கம்பியில்லாக் கமரா. அதற்குப் பழைய இணைப்பின் பெயரும் கடவுச்சொல்லும்தான் தெரியும். ஏணி வைத்து ஏறிக் கமராவுக்குப் புதுப் பெயரைக் கற்பிப்பதற்குப் பதிலாக, புதிய ரவுட்டருக்குப் பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் சூட்டினார் அந்தத் தம்பி. கமரா தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது.

வன்தட்டில் களவும் பதிவாகியிருந்தது. இணைப்பு மாறிய நான்காம் நாள், அதிகாலை 2.40. சாரம் கட்டிய ஒருவர், அவசரமே இல்லாமல் ஆணிகளைக் கழற்றுகிறார். பெட்டி அதைக் கண்டு எங்களை அழைக்க முயன்றும் இருக்கிறது.

மறுநாள் ஒரு பரிசோதனை செய்தோம். செயலியில் தேடிப் பார்த்ததில், இணைப்பு அறுந்தால் அறிவிக்கும் வசதி ஒரு மூலையில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் போட்டுவிட்டு, ரவுட்டரின் வயரைக் கழற்றும்படி அம்மாவிடம் சொன்னேன். கழற்றி ஏழு நிமிடங்களின் பின்னர் என் கைத்தொலைபேசி ஒலித்தது. ரொறன்ரோவில் நள்ளிரவில் அக்காவினதும் ஒலித்து, அவர் பதறியடித்து எழுந்து எனக்கு ஏசியது தனிக்கதை. இனி ஒளியிழைப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு மின்கலம் வாங்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்டில் அது ஆடம்பரம் அன்று.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டபின் அம்மா, "அப்ப அந்தப் பெட்டி செத்தால் தெரியும். நான் செத்தால்?" என்று கேட்டார். நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில் அவரே சொன்னார்: "காலமை தேத்தண்ணி வைக்கேக்கை உனக்கு ஒரு மிஸ்ட் கோல் தாறன். வராட்டி எடு."

இன்று காலை 5.50க்கு வந்தது.